வேதியியல் ஐம்பத்தெட்டு

மதுரையில் பிறந்தால் பிளக்ஸ், காது குத்தினால் பிளக்ஸ், சடங்கானால், கல்யாணமானால், செத்தால், செத்து ஒரு வருசம் திரும்பினால் அதற்கும் பிளக்ஸ். கேலி பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த பிளக்ஸைத் தூக்கி வந்து, குழி தோண்டி, கம்பு நட்டு நிமிர்த்தி வைக்கிறவன் ஒருத்தன் இருக்கிறானே, அவனைப் பற்றி எவனாவது ஒரு வார்த்தை பேசியிருக்கிறானா? எனக்கு அந்தக் கோபம் எப்போதும் உண்டு. அதனால்தான் முத்திருளன் வீட்டுக் கதையைச் சொல்ல வந்தேன்.

முத்திருளன் இருபத்திரண்டு வருசமாகச் சிம்மக்கல்லில் ராஜபாண்டியின் பிளக்ஸ் கடைக்குச் சட்டம் அடிக்கிறார். ரீப்பர் கட்டையை அளந்து அறுத்துச் சட்டம் சேர்த்து, அச்சாகி வந்த படத்தை நாலு மூலையிலும் சுருக்கம் விழாமல் இழுத்துப் பிடித்து ஆணி அறைய வேண்டும். அப்புறம் சொன்ன இடத்துக்கு மினி வேனில் ஏற்றிப் போய், கடப்பாரையால் குழி போட்டு, சவுக்குக் கம்பு நட்டு, கட்டுக்கம்பி முறுக்கி நிறுத்த வேண்டும். காற்று உள்ளே புகுந்து வெளியே போக அங்கங்கே பிறை மாதிரிக் கீறி விட வேண்டும். கீறல் மாப்பிள்ளை முகத்தில் விழுந்தால் அன்றைக்குக் கூலி கிடைக்காது, அடி கிடைக்கும். இருபத்திரண்டு வருசத்தில் எத்தனை ஆயிரம் முகம்! அவர் வீட்டு முகம் ஒன்றுகூட அதில் ஏறினதில்லை.

ஊர், டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஆவரங்குளம். காலையில் முதல் பஸ்ஸுக்கு ஏறினால் பொழுது சாயத்தான் வீடு. அவருடைய அப்பா வரைக்கும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு நின்ற குடும்பம். முத்திருளன் காலத்தில்தான் அறுபது சென்ட் புஞ்சை வந்தது. மனைவி தங்கப்பொண்ணு அதில் பருத்தியும் உளுந்தும் மாற்றி மாற்றிப் போடுவாள். மற்ற நாளில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போவாள். ஒரே மகள் தமிழ்வாணி, கணக்குப் புலி. ஆறாம் வகுப்பிலேயே அப்பாவின் அளவு நாடாவைப் பிடுங்கி, எந்த அளவுப் படத்துக்கு எத்தனை அடி ரீப்பர் வேண்டும் என்று தாளில் போட்டுக் கொடுத்தவள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று தங்கப்பொண்ணு கண்மாய்க்குள் மண் சுமந்துகொண்டிருந்தாள். அக்கினி நட்சத்திர வெயில். மகள் போனில் சொல்லச் சொல்ல, இவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கண்மாய் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒப்பித்தாள்.

"தமிழு தொண்ணூத்தெட்டாம்! இங்கிலீசு தொண்ணூத்து மூணாம்! கணக்கு நூறுடி, நூத்துக்கு நூறு! பிசிக்ஸு தொண்ணூத்தேழு, கம்ப்யூட்டரு தொண்ணூத்தொம்போது!"

"கெமிஸ்ட்ரி?" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

தங்கப்பொண்ணு போனைக் காதிலிருந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள். "அது கொஞ்சம் முன்னப்பின்ன" என்றாள். ஐம்பத்தெட்டு. மொத்தம் ஐந்நூற்று நாற்பத்தைந்து. அந்தப் பொழுதிலிருந்து அந்த வீட்டில் ஐந்நூற்று நாற்பத்தைந்தைப் பற்றிப் பேச்சே இல்லை, ஐம்பத்தெட்டைப் பற்றித்தான்.

ஏனென்றால் தமிழ்வாணி ஆசைப்பட்டது மதுரையில் ஒரு கல்லூரிக்கு. பெயர் எதற்கு? கணிதத்துக்கு அங்கே முப்பதே இடம். ஆயிரம் பேர் விண்ணப்பம் போடுவார்கள். அங்கே படித்தவர்கள் பெரிய ஆராய்ச்சி நிலையங்களுக்குப் போய் நாள் முழுக்கக் கணக்கு மட்டுமே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுடைய கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். அப்படி ஒரு பிழைப்பு உலகத்தில் இருக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. அந்தக் கல்லூரி கணக்கு மார்க்கை மட்டும் பார்த்து இடம் கொடுப்பதில்லை, ஆறு பாடத்தையும் பார்க்கும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வியே இருந்தது: மற்ற பாடங்களைவிட மதிப்பெண் குறைந்த பாடம் எது, காரணம் என்ன? கீழே மூன்று வரி இடம்.

கருவாட்டுக் குழம்பு அடுப்பில் கொதிக்க, செல்போன் திரையில் அந்த மூன்று வரியைத் திறந்து வைத்துக்கொண்டு தமிழ்வாணி உட்கார்ந்திருந்தாள்.

"காய்ச்சல்னு எழுதுடி" என்றாள் தங்கப்பொண்ணு. "பரிச்சையன்னைக்கு வாந்தி பேதின்னு எழுது. யாரு வந்து பாக்கப் போறா?"

"மத்த அஞ்சு பரிச்சைக்கும் வராத பேதி, இதுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு கேப்பாகம்மா."

குழம்பு வாங்கக் கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி, "அப்பத்தா செத்துப்போச்சுன்னு எழுது. சாவுன்னா எதுத்துக் கேக்க மாட்டாக" என்றாள்.

"எங்க மாமியாளை எத்தனை தடவதான் சாகடிப்பீக? போன வருசம் லீவு லெட்டர்லயே ரெண்டு தடவ செத்துட்டாக" என்றாள் தங்கப்பொண்ணு.

முத்திருளன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "இருக்கிறதை எழுதிரு தாயி. கெமிஸ்ட்ரிக்கு வாத்தியார் இல்ல. அம்புட்டுத்தான்."

அதுதான் உண்மை. வேதியியல் டீச்சர் ஆடி மாதம் மாறுதலாகிப் போனவர். அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒரு ஈ காக்கை வரவில்லை. அரையாண்டுக்கு முன்னால் ஒரு தற்காலிக டீச்சர் வந்து மூன்று வாரம் இருந்துவிட்டு, வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஸ்பெஷல் கிளாஸ், ஸ்பெஷல் கிளாஸ் என்று தமிழ்வாணி சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவாள். வாத்தியாரே இல்லாமல் ஸ்பெஷல் கிளாஸ் எப்படி நடந்தது என்று பெற்றவர்கள் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

மறுநாள் அவள் தான் படித்த அரசு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் கேட்டாள். நல்ல மனிதர். வழுக்கைத் தலையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார்.

"இந்தா பாரு, ஒம்போது கடுதாசி போட்டிருக்கேன். பதில் வரல. இப்ப நீ ஆசிரியர் இல்லைன்னு எழுதி வச்சா எம் மேலதான் வந்து விழும். ஸ்கூல் பேரு கெட்டா அடுத்த வருசம் எந்தப் பிள்ளைம்மா சேரும்? உடம்பு சரியில்லைன்னு போட்டுரு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவளுக்குப் பொய்யை எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுத வாய்ப்பூட்டுப் போட்டாயிற்று. மூன்று வரியையும் காலியாக விட்டு அனுப்பிவிட்டாள். அனுப்பின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. "ஒரு பாடந்தானேடி" என்று அம்மா சொன்னால், "அந்த ஒண்ணுதானேம்மா கேக்குறாக" என்பாள். தங்கப்பொண்ணு கேப்பைக்கூழில் மோரை விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டுச் சொம்பைக் கையில் திணிப்பாள். அது மத்தியானம் வரைக்கும் அப்படியே இருக்கும்.

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு, பெற்றோரில் ஒருவருடன் வரவும். தொண்ணூறு பேரை அழைத்திருந்தார்கள், முப்பது இடத்துக்கு. இதைத்தான் முத்திருளன் தப்பாக எடுத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் தொழில் அப்படி. தாலி ஏறுவதற்கு இரண்டு நாள் முந்தியே 'மணமக்கள் வாழ்க' என்று வைத்தாக வேண்டும். பிறப்பையும் சாவையும் தள்ளிவிட்டால், இருபத்திரண்டு வருசத்தில் அவர் நட்ட எந்தப் படமும் நடந்து முடிந்ததைச் சொன்னதில்லை, நடக்கப் போவதைத்தான் சொன்னது. கூப்பிட்டு விட்டார்கள் என்றால் கொடுக்கத்தானே கூப்பிடுவார்கள்?

கடையில் கம்ப்யூட்டரில் படம் சேர்க்கிற பெண் அஸ்வினி. சனிக்கிழமை மத்தியானம் மகளுடைய பள்ளிக்கூடப் போட்டோவை அவள் முன்னால் வைத்தார்.

"பத்துக்கு எட்டு போடு ஆத்தா. 'கணிதம் பயில இடம் பெற்ற எங்கள் வீட்டுச் சிங்கப்பெண்'னு போடு. கீழே மார்க்கு."

"அண்ணே, இண்டர்வியூவே வியாழக்கிழமைதான்னு சொன்னீங்க?"

"திங்கக்கிழமை வச்சாத்தானே வியாழக்கிழமைக்குள்ள நாலு பேரு பாப்பான்?"

அஸ்வினி சிரித்துக்கொண்டே தட்டினாள். பிறகு நிறுத்தினாள். "அஞ்சு பாடந்தான் எழுதியிருக்கீங்க. வேதியியல்?"

முத்திருளன் தெருவைப் பார்த்தார். சிம்மக்கல் தெருவில் ஒரு லாரி பின்னால் வரப் பார்த்து ஆட்டோக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். "அதை விட்டுரு. பார்வைக்கு நல்லா இல்ல."

"அப்ப மொத்தம்?"

"மொத்தத்தைப் பெருசாப் போடு! ஐநூத்தி நாப்பத்தஞ்சு. அதை எதுக்கு விடணும்?"

"யாராவது கூட்டிப் பாத்தா?"

"பிளக்ஸை எவன் ஆத்தா கூட்டிப் பாக்கான்? மூஞ்சியப் பாப்பான், போயிருவான்."

திங்கட்கிழமை விடிந்ததும் ஆவரங்குளம் பஸ் நிறுத்தத்து முக்கில் படம் எழுந்து நின்றது. தங்கப்பொண்ணு முதல் நாளே சொல்லிப் பார்த்தாள்: "நம்ம தெருமொனையில வையிய்யா. அங்கிட்டு வேணாம்." அந்த முக்கில் இவர்கள் தெருவிலிருந்து ஒரு படம் அதுவரை ஏறினதில்லை. ஏறக்கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஏறினதில்லை, அவ்வளவுதான். "ரோடு என்ன அவுக அப்பன் வீட்டு ரோடா?" என்றவர், கடப்பாரையை ஓங்கிப் போட்டுக் குழி தோண்டினார். எங்கெல்லாமோ எவனெவனுக்கோ தோண்டின கை, அன்றைக்கு மகளுக்குத் தோண்டியது. கம்பு அசைகிறதா என்று மூன்று தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, எட்டப் போய் நின்று ஒரு பீடி குடித்து முடிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துவிட்டு, பஸ் ஏறிப் போனார்.

எதிரே சிவபாண்டியின் டீக்கடை. டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவனுக்கு என்ன வேலை? கூட்டிப் பார்ப்பதுதான் வேலை.

"ஏப்பா, தொண்ணூத்தெட்டும் தொண்ணூத்து மூணும் நூத்தித் தொண்ணூத்தொண்ணு. நூறைச் சேரு."

"எரநூத்தித் தொண்ணூத்தொண்ணு."

"தொண்ணூத்தேழும் தொண்ணூத்தொம்போதும் போட்டா?"

சிவபாண்டி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நானூத்தி எம்பத்தேழு வருது. அங்க ஐநூத்தி நாப்பத்தஞ்சுல்ல போட்டிருக்கு?"

"வேதியியலைக் காணோம்ணே!"

"கழிச்சுப் பாருங்கடா."

கழித்தார்கள். ஐம்பத்தெட்டு. பேசாமல் ஆறாவது வரியாகப் போட்டிருந்தால் ஒரு பயல் கவனித்திருக்க மாட்டான். மறைத்ததால் ஊரே உட்கார்ந்து கணக்குப் போட்டது. ஒருத்தன் போட்டோ எடுத்து, 'காணவில்லை: வேதியியல்' என்று மேலே எழுதி ஸ்டேட்டஸில் வைத்தான். மத்தியானத்துக்குள் அது பேரையூர் வரைக்கும் போய்விட்டது. காற்று போகத்தான் கீறி விடுவார் முத்திருளன், அன்றைக்குக் காற்றைவிட வேகமாகப் பேச்சு போனது.

சாயங்காலம் அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடையில் சிரிப்பு. வீட்டில் சத்தமே இல்லை. தமிழ்வாணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தங்கப்பொண்ணுதான் முதலில் வெடித்தாள்.

"எடம் பெற்றன்னு போட்டிருக்கியே, எடம் எங்கய்யா இருக்கு? வியாழக்கிழமை இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டா, நான் கண்மாயில எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மண் அள்ள?"

"வரும்டி. வராம எங்க போகும்?"

தமிழ்வாணி திரும்பினாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. "எடம்னு போட்டது கூடப் பரவால்லப்பா. அந்த ஒண்ணை ஏன் விட்ட?"

"பார்வைக்கு..."

"வெக்கமா இருந்துச்சா?"

"எனக்கா? ஒன்னைய நெனச்சா? என்ன பேச்சு பேசுற தாயி!"

"அப்ப ஏன் விட்ட?"

முத்திருளன் வாசலுக்குத் திரும்பினார். வெளிச்சம் இருக்கும்போதே குறடும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய்ப் படத்தை இறக்கினார். டீக்கடையில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். சிவபாண்டியே வந்து ஒரு பக்கம் கம்பைப் பிடித்தார். "விடுங்கண்ணே, பயலுக வெளாட்டுக்குப் பண்ணிட்டாய்ங்க" என்றார். முத்திருளன் படத்தை உள்பக்கமாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வியாழக்கிழமை காலை அப்பாவும் மகளும் காளவாசலில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனார்கள். வேப்ப மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். காரில் வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். தமிழ்வாணி முந்தானையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். அம்மாவின் சேலை, அவளுக்குக் கொஞ்சம் நீளம்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கணிதத் துறைத் தலைவர் சாருலதா. நரைத்த கொண்டை, மூக்கில் வைரம், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. கணக்கில் கேள்வி கேட்டார். கேட்கக் கேட்கத் தமிழ்வாணி சொன்னாள். ஒன்றுக்குப் பலகையில் போய்ப் போட்டுக் காட்டினாள். முத்திருளனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மகள் சுண்ணாம்புக்கட்டி பிடித்த கை நடுங்கவில்லை என்பது விளங்கியது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சாருலதா விண்ணப்பத்தைத் திருப்பினார். "வேதியியல் ஐம்பத்தெட்டு. காரணம் கேட்டிருக்கோம். காலியா விட்டிருக்கியேம்மா."

பக்கத்திலிருந்த இன்னொரு பேராசிரியர் தன்னுடைய செல்போனை மேசையில் தள்ளினார். "மேடம், இவங்க ஊர்ப் பக்கத்துல இருந்து நம்ம மாணவி ஒருத்தி எனக்கு அனுப்பினா. இந்தப் பொண்ணுதானே இது?"

போனில் பிளக்ஸ். 'காணவில்லை: வேதியியல்.'

முத்திருளன் எழுந்தே விட்டார். கையைக் கும்பிட்டார். "அம்மா, இது அம்புட்டும் என் தப்பு. பிள்ளைக்குத் தெரியாது. நான் பிளக்ஸ் கட்டுற ஆளு. ஆசையில வச்சுட்டேன். எடம் கெடச்சிருச்சுன்னு போட்டது நாந்தான், அந்த மார்க்கை விட்டதும் நாந்தான். இதுக்காகப் பிள்ளைய எதுவும்..."

"உக்காருங்க சார்" என்றார் சாருலதா. இருபத்திரண்டு வருசத்தில் அவரை யாரும் சார் என்றதில்லை. அவர் உட்காரவில்லை. சாருலதா தமிழ்வாணியைப் பார்த்தார். "சரி. இந்தப் படத்துல என்ன தப்பு, சொல்லு."

தமிழ்வாணி போனை உற்றுப் பார்த்தாள். "ஒரு பாடத்தை மட்டும் விட்டுட்டு மொத்தத்தைப் போட்டது தப்பு மேடம். தெரியாதது ஒண்ணுன்னா கழிச்சாக் கெடச்சிரும். எங்க ஊரு டீக்கடையிலயே கண்டுபிடிச்சுட்டாக. ரெண்டு பாடத்தை விட்டிருந்தா ரெண்டும் சேந்து எம்புட்டுன்னுதான் தெரியும், தனித்தனியா யாராலயும் சொல்ல முடியாது."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சாருலதா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ரெண்டை மறைச்சிருக்கணும்னு சொல்ற?"

"இல்ல மேடம். ஒண்ணையும் மறைச்சிருக்கக் கூடாது." அவள் போனைத் திரும்ப அவர்கள் பக்கம் தள்ளினாள். "எங்க ஸ்கூல்ல ஆடி மாசத்துல இருந்து வேதியியலுக்கு ஆசிரியர் இல்ல. எங்க ஹெச்செம் ஒம்போது லெட்டர் போட்டாரு, நிலையா யாரும் வரல. அவரு மேல தப்பில்ல. வகுப்புல பதினாலு பேரு. எல்லாரும் பெயிலாயிருவோம்னு பயந்துட்டோம். நான் பாடத்தை முந்தின நாள் வீட்டுல படிச்சுக்கிட்டு வந்து, சாயங்காலம் அவங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன். எனக்கே பாதி புரியாது. புரியாததை எல்லாரும் சேந்து படிப்போம். பதினாலு பேரும் பாஸ் மேடம். முப்பத்தஞ்சுல இருந்து அம்பத்தெட்டு வரைக்கும். அம்பத்தெட்டுதான் பள்ளிக்கூடத்துல முதல் மார்க்."

சாருலதா விண்ணப்பத்தின் காலி வரிகளை மறுபடி பார்த்தார்.

"கணக்குல நூறு வாங்குனது எங்க டீச்சர் வாங்கிக் குடுத்தது. இது நானா வாங்குனது. அதை மூணு வரியில எழுதத் தெரியல. அதான் விட்டுட்டேன்."

முத்திருளன் அப்போதுதான் உட்கார்ந்தார். ஸ்பெஷல் கிளாஸ், ஸ்பெஷல் கிளாஸ் என்று தினம் இருட்டி வந்த பிள்ளை. ஒரு நாள் நேரம் கழித்து வந்ததற்கு அவர் திட்டியும் இருக்கிறார். வாத்தியார் வேலையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளையை, எவனோடு சுற்றிவிட்டு வருகிறாய் என்று கேட்டிருக்கிறார். துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

சாருலதா விண்ணப்பத்தை மூடினார். "சனிக்கிழமை தகவல் வரும்" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் முத்திருளன் மகளைச் சிம்மக்கல்லுக்கு அழைத்துப் போய்த் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தார்கள்.

"ஏன் தாயி எங்ககிட்டச் சொல்லல?"

"சொன்னா, ஊருப் பிள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்து உம் படிப்பைக் கெடுத்துக்காதேன்னு அம்மா சொல்லும்."

"சொல்லுவா" என்று ஒத்துக்கொண்டார் முத்திருளன். பிறகு டம்ளரின் அடியில் கிடந்த தேங்காய்த் துருவலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் அன்னைக்குத் திட்டுனதை மனசுல வச்சுக்காத."

"எதை?" என்றாள் அவள். மறந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் இன்னொரு டம்ளர் சொன்னார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. தமிழ்வாணி போனைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கண்மாய்க்கு ஓடினாள். கரைமேல் நின்று, "அம்மா, கெடச்சிருச்சு!" என்று ஒரு கத்துக் கத்தினாள். தங்கப்பொண்ணு கூடையைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை, சிரிப்பு, மண், மூக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து முகம் அடையாளம் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவள், "கெமிஸ்ட்ரியப் பத்திக் கேக்கலையாக்கும்?" என்றாள். "அதைப் பாத்துத்தான்டி குடுத்திருக்காக! எம் மக வாத்திச்சிடி! பதினாலு பேரைப் பாஸாக்குன வாத்திச்சி!" என்று எழுந்து நின்று அவள் போட்ட சத்தத்தில், மேற்பார்வை பார்க்கிற பெண் ஓடி வந்து என்ன ஏது என்று கேட்டாள். அன்றைக்குக் கண்மாயில் பாதி வேலைதான் நடந்தது.

முத்திருளன் அன்றிரவு சாப்பிடும்போது கேட்டார்: "தாயி, ஒரு படம் வைக்கட்டுமா?"

"மறுபடியுமா!" என்று அகப்பையோடு திரும்பினாள் தங்கப்பொண்ணு.

"நீ சும்மா இருடி. பிள்ளையக் கேக்குறேன்."

தமிழ்வாணி எழுந்தாள். கை கழுவிவிட்டு வந்து நோட்டில் எழுதிக் கொடுத்தாள். "இப்படின்னா வையிப்பா. இல்லாட்டி வேணாம்."

அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். அவளுடைய படம் தனியாக இல்லை. பதினான்கு பெயர், பதினான்கு மார்க். கணிதம் இல்லை, மொத்தம் இல்லை, கல்லூரிப் பெயர் இல்லை. மேலே ஒரே வரி: ஆசிரியர் இல்லாமல் வேதியியலில் தேர்ச்சி பெற்ற பதினான்கு மாணவிகள்.

பதினான்கு பிள்ளைகளும் சுற்று வட்டத்தில் ஏழு ஊர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தமிழ்வாணி சைக்கிளில் போய்ப் போட்டோ வாங்கி வந்தாள். ஊருக்குள் பெரிய வீட்டுப் பிள்ளையின் அப்பா முதலில் யோசித்தார். முப்பத்தெட்டு மார்க்கை எதற்குப் பத்துப் பேர் பார்க்கப் போட வேண்டும் என்றார். அந்தப் பிள்ளையே உள்ளேயிருந்து போட்டோவை எடுத்து வந்து கொடுத்து, "பெருசாப் போடச் சொல்லுடி" என்றது. திங்கட்கிழமை அஸ்வினி சேர்த்து முடித்துவிட்டு, "அண்ணே, முப்பத்தஞ்சைக்கூடப் போடணுமா?" என்று கேட்டாள். "ஒண்ணு விடாமப் போடு ஆத்தா" என்றார் முத்திருளன். கூட்டிப் பார்க்க மொத்தம் எதுவும் இல்லாததால் அவளும் வேறு கேள்வி கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே முக்கில் படம் ஏறியது. இந்த முறை குழி தோண்டச் சிவபாண்டியும் வந்தார், பெரிய வீட்டு ஆளும் வந்து ஒரு கம்பைப் பிடித்தார். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே படத்தில் வரிசையாக நின்றார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருத்தரும் கேலி பேசவில்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் படித்துக்கொண்டு போனார்கள். அதையும் எவனோ போட்டோ எடுத்து அனுப்பினான், இந்த முறை மேலே ஒன்றும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தலைமை ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முத்திருளன் முதல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். தலைமை ஆசிரியருக்கு முகமெல்லாம் வியர்வை.

"முத்திருளா, என்னப்பா இது? நேத்து மேல இருந்து ரெண்டு தடவ போன். அந்தப் படத்தை யாரு வச்சதுன்னு கேக்குறாங்க. 'ஆசிரியர் இல்லாமல்'ங்கிற ரெண்டு வார்த்தைய மட்டும் வெள்ளைத் தாள் ஒட்டி மறைச்சிரு. மத்தது அப்படியே இருக்கட்டும். நல்லதுக்குத்தான் சொல்றேன்."

முத்திருளன் கையில் சாப்பாட்டுத் தூக்குவாளி இருந்தது. இருபத்திரண்டு வருசத்தில் படத்தை இறக்கு என்று போலீஸ்காரர் சொன்னாலும், கவுன்சிலர் ஆள் சொன்னாலும், எதிர்க் கோஷ்டிக்காரன் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் இறக்கின மனிதர். இந்தப் பெரியவர் மேல் அவருக்கு மரியாதையும் உண்டு. அவர் அண்ணாந்து படத்தைப் பார்த்தார், பதினான்கு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உங்க மேல தப்பில்லைன்னு எம் மக அந்தக் காலேசுலயே சொல்லிட்டா சார். ஒம்போது கடுதாசி போட்டதையும் சொன்னா."

தலைமை ஆசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தினார். "அது சரிப்பா. யாரைக் கேட்டு இதை வச்ச?"

பஸ் வந்து நின்றது. முத்திருளன் தூக்குவாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எம் மகளைக் கேட்டு வச்சேன் சார்" என்றார். "அவ சொன்னா எறக்குறேன்."